சடைச்சியாற்றுக்குப் பத்தியம்

சடைச்சியாறு ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்கால் டவுன் பஸ்ஸில் ஏறித் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போனது. நடுமடைக்குறிச்சி நிறுத்தத்தில் அன்றைக்கு மூன்று பேர்தான் ஏறினார்கள். தபால்காரர், வாழை விவசாயம் பார்க்கும் உலகம்மாள், ஆறு. கண்டக்டர் தபால்காரருக்கு டிக்கெட் கிழித்தார். உலகம்மாளுக்கு மகளிர் இலவசச் சீட்டைக் கொடுத்தார். பிறகு ஆற்றின் பக்கம் திரும்பி ஒரு கணம் யோசித்தார்.

“பேரு என்ன?”

ஆறு பேசாது. அது சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த உலகம்மாள்தான் பதில் சொன்னாள்.

“சடைச்சி.”

“அப்போ பொம்பளைதான்,” என்று கண்டக்டர் இன்னொரு இலவசச் சீட்டைக் கிழித்து ஈரத்தில் ஒட்டிவிட்டுப் போனார்.

ஜன்னலோரமாக ஆறு உட்கார்ந்துகொண்டது. பஸ்ஸுக்குள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றதால் எல்லோரும் காலைத் தூக்கி முன் இருக்கையின் கம்பியில் வைத்துக்கொண்டார்கள். வாடை கொஞ்சம் இருந்தது. டிரைவர் திரும்பிப் பார்த்து, “மேலுக்குச் சரியில்லையோ?” என்று கேட்டார். “ஆமா, பார்த்தாலே தெரியுதுல்லா,” என்றாள் உலகம்மாள். அதற்குப் பிறகு அவர் மேடு பள்ளத்தில் மெதுவாகவே ஓட்டினார்.

உலகம்மாள் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவள் அல்ல. அவள் மடியில் மடித்த வெறும் சாக்கு ஒன்று இருந்தது. யூரியா வாங்கப் போய்க்கொண்டிருந்தாள். ஆறு சரியாக வளைந்து திரும்பும் இடத்தில் அவளுக்கு ஒன்றேகால் ஏக்கர். அதில் ஆயிரத்து நூறு ஏத்தன் வாழை, ஐந்து மாதப் பயிர். புருஷன் லாரியில் வடக்கே போனால் இருபது நாளுக்கு ஒரு தடவைதான் வீட்டுக்கு வருவார். வாழைக்கு யூரியா போடுவது, மண் அணைப்பது, காற்றுக்கு முட்டுக் கொடுப்பது எல்லாம் அவள் ஒருத்திதான்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆறு இறங்கியபோது அவளுடைய சேலைக் கரையும் நனைந்து அதோடு சேர்ந்து இழுபட்டது. ஆகவே அவளும் இறங்கினாள்.

சீட்டு எழுதுகிற இடத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் இருந்தார்.

“வயசு?”

“எங்க மாமியாருக்கு மாமியார் இதுலதான் குளிச்சா.”

“அறுபதுக்கு மேல எல்லாம் ஒரே வரிசைதான்,” என்று அவர் ஒரு கட்டத்தில் டிக் அடித்தார். “தகப்பனார் பேரு?”

“மலை.”

“இனிஷியல் ம. கூட வந்தது யாரு?”

உலகம்மாள் சுற்றிலும் பார்த்தாள். ஆறு மறுபடியும் அவளுடைய சேலைக் கரையை நனைத்தது. அவர் எட்டிப் பார்த்துவிட்டு எழுதினார். கூட இருப்பவர் பெயர், உலகம்மாள். உறவு, கரை.

முதலில் ரத்தம் எடுக்கிற அறைக்கு அனுப்பினார்கள். அங்கே நரம்பு கிடைக்கவில்லை. “எங்க தொட்டாலும் நரம்பு மாதிரியே இருக்கு,” என்று நர்ஸ் எழுதிக் கொடுத்து, பன்னிரண்டாம் எண் அறைக்கு, சித்த வைத்தியப் பிரிவுக்கு மாற்றிவிட்டார். அங்கே இருந்தவர் டாக்டர் ரஹ்மத் நிஷா. அவர் ஆற்றை உட்காரச் சொல்லி, அது வளைகிற இடத்தில் மூன்று விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நாடி பார்த்து முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று, ஆற்றுக்கு நாடி நீளம்.

“நாக்கை நீட்டு.”

ஆறு நாக்கை நீட்டியது. பச்சையாகப் பாசி படிந்திருந்தது. ஓரத்தில் இரண்டு ஆகாயத்தாமரை.

“மூச்சு வாங்குதா?”

“போன கோடையிலேருந்து வாங்குது டாக்டரம்மா,” என்றாள் உலகம்மாள். “காலையில நொரை தள்ளுது. மதகுகிட்ட வந்ததும் நின்னு நின்னுதான் போவுது.”

“உப்பு ரொம்ப ஏறியிருக்கு. வீட்டுல சாப்பாட்டுக்கு உப்பு போடுறது யாரு?”

அந்தப் பக்கத்தில் யூரியாவுக்கும் பொட்டாஷுக்கும் உப்பு என்றுதான் பேர். உலகம்மாள் மடியிலிருந்த சாக்கை எடுத்து மெல்ல நாற்காலிக்கு அடியில் வைத்தாள்.

“எல்லாருந்தான் போடுதோம்.”

“மழை வர்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“கை ஒழிஞ்சப்போ.”

டாக்டர் எழுத ஆரம்பித்தார். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் பத்தியம். உப்பு ஆற்றுக்குள் ஒரு சிட்டிகைகூட வரக் கூடாது. பயிருக்குப் போடுவதானால் அளந்து, குழி பறித்து, மண் மூடிப் போட வேண்டும், மேகம் இருக்கிற நாளில் தொடக் கூடாது. மருந்தடிக்கிற டேங்கைத் துறையில் கழுவக் கூடாது. எருக்குழி கரையிலிருந்து ஐம்பது எட்டு நடக்கிற தூரம் தள்ளி இருக்க வேண்டும். நோயாளிக்குக் குளிர் இருக்கிறது, அதனால் இரண்டு கரையிலும் பத்தடி அகலத்துக்கு வெட்டிவேர்ப் போர்வை போர்த்திவிட வேண்டும். போர்த்திய இடத்தில் ஏர், மண்வெட்டி எதுவும் படக் கூடாது.

“மருந்து ஒண்ணும் இல்லையா?”

“மத்த நோய்க்கு மருந்து பாதி, பத்தியம் பாதி. இதுக்கு முழுசும் பத்தியந்தான்.” டாக்டர் சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலும் ஒரு வரி எழுதினார். “மூணு தடவை பத்தியம் முறிஞ்சா நான் வச்சுக்க முடியாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவேன்.”

உலகம்மாளுக்கு அது என்னவென்று தெரியும். போன வருஷம் பக்கத்து ஊர் ஓடை ஒன்றை அப்படித்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இன்னும் அது மூன்றாவது மாடியில்தான் ஓடுகிறது. அந்த ஊர்க்காரர்கள் குளிப்பதற்குப் பார்வையாளர் நேரம் மாலை நாலிலிருந்து ஆறு மணி வரை. ஒரு சீட்டுக்கு இரண்டு பேர். போன வாரம் ஒருத்தர் நாற்றங்காலுக்குத் தண்ணீர் திருப்பலாமா என்று கேட்டதற்கு நர்ஸ் சத்தம் போட்டுவிட்டாராம்.

திரும்புகிற வழியில் உரக்கடை இருந்தது. உலகம்மாள் படியருகே நின்றாள், ஆறும் பக்கத்தில் நின்றது. நோயாளியைக் கூட வைத்துக்கொண்டு அதை வாங்குவது நன்றாக இருக்காது என்று, கடைக்காரர் “வாங்க” என்று கூப்பிட்டும் கேட்காதவள்போல நடந்தாள். வீட்டில் பழைய யூரியா அரைச் சாக்கு இருந்தது. அது அவள் ஞாபகத்துக்கு வந்ததுதான். இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஒன்று நாற்பது பஸ்ஸில் இருவரும் ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். ஆறு நேராகப் போய்ப் படுத்துக்கொண்டது.

மறுநாள் காலை கூட்டுறவுச் சங்கத்து விதைக் கிட்டங்கியில் கூட்டம். நடுமடைக்குறிச்சியில் ஆற்றுப் பாசனத்தில் முப்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள், எல்லோருக்கும் ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர்தான். முப்பத்தெட்டுப் பேரும் வந்திருந்தார்கள். இதைப் பார்த்து வேளாண் உதவி அலுவலர் ஜெபஸ்டின் வாசலிலேயே நின்றுவிட்டார். ஏழு வருஷமாக அவர் இதே கிட்டங்கியில் ஆற்று நீரைக் காப்பது பற்றிக் கூட்டம் போடுகிறார். அதிகபட்சம் ஏழு பேர் வருவார்கள், அதில் ஐந்து பேர் வடை வருவதற்கு முன்னால் வர மாட்டார்கள்.

உலகம்மாள் சீட்டை வாசித்தாள். வீட்டில் ஒருத்தருக்குச் சீக்கு என்றால் எப்படித் தலையைக் குனிந்து கேட்பார்களோ அப்படிக் கேட்டார்கள். எருக்குழி என்று வந்த இடத்தில் மட்டும் ஒருவர் எழுந்து, “ஐம்பது எட்டுன்னா யாரு எட்டு? என் எட்டா, இவரு எட்டா?” என்று கேட்டார். குட்டையானவர் எட்டு போதும் என்று ஜெபஸ்டின் சொன்னார்.

கூட்டம் கலைந்ததும் ஜெபஸ்டின் தன் பையிலிருந்து ஒரு துண்டுப் பிரசுரத்தை எடுத்து உலகம்மாளிடம் காட்டினார்.

“அக்கா, இதுல இருக்கிறதும் அதுல இருக்கிறதும் ஒண்ணுதான். அளந்து போடணும், மழைக்கு முன்னாடி போடக் கூடாது, கரையில வெட்டிவேர் நடணும். ஏழு வருஷமா இதத்தானே சொல்லுதேன்.”

“நீங்க சொன்னீங்க சார். இல்லேங்கல. ஆனா டாக்டரு சொல்லலைல்லா?”

ஜெபஸ்டின் அதைப் பற்றி யோசித்தார். மறுநாளிலிருந்து அவர் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வயலுக்கு வந்தார். அதற்குப் பிறகு மண் பரிசோதனைக்கு மண் கொடுக்க மாட்டேன் என்று யாரும் சொல்லவில்லை. சிலர் வெறும் வயிற்றில் வந்து கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் புருஷன் போனில் கூப்பிட்டார்.

“ஆத்துக்கு மேலுக்குச் சரியில்ல,” என்றாள் உலகம்மாள்.

“யாரு பார்க்கா?”

“நாந்தான்.”

“மோரு குடுக்கலாமான்னு கேட்டியா?”

“கேக்கல.”

“கேளு. எனக்கு மஞ்சக்காமாலை வந்தப்போ மோருதான் காப்பாத்திச்சு,” என்று அவர் வைத்துவிட்டார்.

பத்தியம் முதலில் முறிந்தது அன்பினால். ஆற்றுக்குக் கீழே இரண்டு ஊர் தள்ளி இருக்கிறவர்கள் செய்தி கேள்விப்பட்டு, சனிக்கிழமை ஒரு வேனில் பார்க்க வந்தார்கள். பதினான்கு பேர். எல்லோர் கையிலும் பை. வாழைத்தோட்டம் ஓரமாகப் போய் நின்று, “நல்லா இருந்தது எப்படி ஆயிட்டு பாருங்க” என்று வருத்தப்பட்டார்கள். உலகம்மாள் அவர்களுக்குக் காப்பி போட வீட்டுக்குப் போன நேரத்தில் அரை டஜன் பாட்டில் ஹார்லிக்ஸைக் கரைத்து ஆற்றுக்கு ஊற்றிவிட்டார்கள். கூடவே ரொட்டி. வந்தவர்கள் மனசு நோகக் கூடாது என்று ஆறு எல்லாவற்றையும் சாப்பிட்டது.

மறுநாள் விடிந்தபோது ஆறு உலகம்மாள் வீட்டு வாசலில் வெள்ளையாக வாந்தி எடுத்து வைத்திருந்தது. முழங்கால் உயரத்துக்கு நுரை. அவள் டாக்டருக்குப் போன் செய்தாள்.

“ஒண்ணு,” என்றார் டாக்டர்.

அன்றைக்கே துறையில் ஒரு பலகை வைத்தார்கள். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வரவும். இதில் சில உறவுகள் முறிந்தன.

அடுத்த வாரம் போர்வை. ஜெபஸ்டின் ஒரு டெம்போ நிறைய வெட்டிவேர் நாற்று கொண்டுவந்து இறக்கினார். ஒவ்வொருவரும் தங்கள் கரையில் பத்தடியைக் கயிறு பிடித்து அளந்தார்கள். நெல் போட்டவர்களுக்கு ஒரு வரப்பு, இரண்டு வரப்பு போயிற்று. முணுமுணுத்துக்கொண்டே நட்டார்கள். உலகம்மாள் பாடுதான் பெரும்பாடு. ஆறு வளைகிற இடம் என்பதால் அவள் நிலத்தின் மூன்று பக்கமும் கரை. கயிறு சுற்றி வந்து முடிந்தபோது நூற்றுப் பதினோரு வாழை கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றது.

அவள் அரிவாளைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். ஒவ்வொன்றும் அவள் கன்று தேர்ந்து, சாணிப்பாலில் முக்கி நட்டது. இன்னும் ஒன்றிரண்டு மாதத்தில் குலை தள்ளும்.

மேல்கரையில் நெல் போட்டிருந்த பிச்சக்கண்ணு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அவர் அவளுக்குக் கொழுந்தன் முறை.

“மைனி, ஒங்க வாழைய மட்டும் விட்டுட்டு நட்டா என்ன? இம்புட்டுப் பெரிய போர்வையில ஒரு ஓட்டை இருந்தா குளிரு அடிச்சிருமா?”

“ஓட்டைப் போர்வைய நீரு போத்துவீரா?”

“போத்தியிருக்கேன்.”

“குளிரலையா?”

பிச்சக்கண்ணு யோசித்தார். “குளிரத்தான் செஞ்சிது,” என்றார்.

உலகம்மாள் முதல் வாழையை வெட்டினாள். அதற்குப் பிறகு நிற்கவில்லை. நூற்றுப் பதினொன்றையும் வெட்டிச் சாய்த்து, தண்டைத் துண்டு போட்டு, மீதி வாழைகளின் தூரில் மூடாக்காகப் பரப்பினாள். அன்றைக்குச் சோறு பொங்கவில்லை. அடுத்த நாள் ஆற்றின் பக்கம் போகவும் இல்லை. நோயாளியோடு கோபித்துக்கொள்வது தப்பு என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் போகவில்லை.

இரண்டாவது முறிவு விக்கலாக வந்தது. இருபத்தேழாம் நாள் மத்தியானம் ஆறு திடீரென்று ஒரு சாண் உயர்ந்து, ‘ஹிக்’ என்று சத்தம் போட்டு, இறங்கியது. பிறகு மறுபடியும். நிமிஷத்துக்கு நான்கு தடவை. துறையில் துவைத்தவர்கள் துவைத்ததையே நாலு தடவை அலசினார்கள். பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பு தாளத்தை மாற்றிக்கொண்டது.

யாரோ நினைக்கிறார்கள், அதனால்தான் விக்கல் என்று ஊர் முடிவு செய்தது. ஜெபஸ்டின் முப்பத்தெட்டுப் பேரையும் கிட்டங்கியில் உட்காரவைத்து, ஒவ்வொருவராக ஆற்றை நினைக்காமல் இருக்கச் சொன்னார். ஒருவர் நிறுத்துவார், எல்லோரும் காது கொடுத்துக் கேட்பார்கள், ‘ஹிக்’ என்று வரும். அடுத்தவர். இப்படியே முப்பத்தாறு பேர் ஆயிற்று. முப்பத்தேழாவதாகப் பிச்சக்கண்ணுவின் முறை வந்தது. அவர் கண்ணை மூடினார், திறந்தார், துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“நான் நினைக்கல,” என்றார். “கழுவுனேன்.”

“எதை?” என்றாள் உலகம்மாள்.

“மருந்து டேங்க. நெல்லுல புகையான் பூச்சி விழுந்திட்டுன்னு அடிச்சேன். ரெண்டு தடவைதான் அலசுனேன். சும்மா.”

உலகம்மாள் போன் செய்தாள். “ரெண்டு,” என்றார் டாக்டர்.

பிச்சக்கண்ணுவை யாரும் திட்டவில்லை. அது அவருக்குத் திட்டைவிட மோசமாக இருந்தது. மறுநாளே தன் வயலுக்கு நடுவில் மேடான இடத்தில் குழி வெட்டி, வைக்கோலும் எருவும் மண்ணும் போட்டு நிரப்பி, டேங்க் கழுவுகிற தண்ணீரெல்லாம் அதற்குள்தான் போக வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். ஊரில் மற்றவர்களும் அங்கேயே கொண்டுவந்து கழுவினார்கள். அவர் ஒவ்வொரு டேங்கையும் மோந்து பார்த்த பிறகுதான் வெளியே விடுவார். விக்கல் மூன்றாம் நாள் நின்றது.

நோயாளிக்கு முகத்தில் தெளிவு வந்துகொண்டிருந்தது. முப்பத்தைந்தாம் நாள் மதகருகே அடிமணல் தெரிந்தது. வெட்டிவேர் முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டது. எல்லோரும் ஆற்றைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். உலகம்மாள் வாழையைப் பார்த்தாள்.

வாழை இலை கொஞ்சம் வெளுத்திருப்பதாக அவளுக்குத் தோன்றியது. ஜெபஸ்டின் மண் பரிசோதனை முடிவைக் கொண்டுவந்து காட்டினார். “அக்கா, ஒங்க மண்ணுல ஏற்கெனவே உரச்சத்து நிறைய கிடக்கு. ரெண்டு போகத்துக்குப் போடாட்டாலும் தாங்கும். வாழை வெளுக்கல. நீங்கதான் பார்த்துப் பார்த்து வெளுக்க வைக்கீங்க.” அவள் தலையாட்டினாள். ஆனால் நூற்றுப் பதினொன்று போனவளுக்கு மீதி ஒவ்வொன்றும் நல்ல குலையாக வந்தாக வேண்டும். நாற்பத்தோராம் நாள் காலை, வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தபோது, வீட்டில் இருந்த அந்த அரைச் சாக்கை எடுத்துப்போய், குழியும் பறிக்காமல், வாழைக்கு ஒரு கை என்று வீசிவிட்டாள். சாக்கை உதறி மடித்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் மேற்கே மேகம்.

மழைக்காலம் இல்லை அது. ஆனாலும் மேகம் கறுப்பாக, நிதானமாக வந்துகொண்டிருந்தது.

அவள் போனை எடுத்தாள்.

“டாக்டரம்மா, ஒரு வீட்டுல உப்பு போட்டுட்டாவ. மழை வருது.”

“தண்ணியோட சேர்ந்து ஆத்துக்குள்ள இறங்குச்சுன்னா மூணு.”

“இறங்கலைன்னா?”

“இறங்கலைன்னா அது வாழை சாப்பிட்டது. வாழைக்கு நான் பத்தியம் எழுதலையே.”

வாழை என்று அவள் சொல்லவே இல்லை. டாக்டர் போனை வைத்துவிட்டார்.

கால் மணி நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரி வண்டி ஊருக்குள் வந்தது. நீளமான தண்ணீர் லாரி. மேலே சிவப்பு விளக்கு சுற்றியது. டிரைவர் அதைப் பள்ளிக்கூடத்துப் பக்கம் நிறுத்தி, குழாயை அவிழ்த்து ஆற்றங்கரை வரைக்கும் நீட்டி வைத்துவிட்டு, தூக்குச் சட்டியைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார். நாற்பது வயது இருக்கும். “நான் ஒண்ணும் அவசரப்படல,” என்று கேட்டவர்களிடம் சொன்னார். “மழை பெய்யட்டும். ஆத்துக்குள்ள உப்பு வந்துருச்சுன்னா ஏத்திக்கிட்டுப் போறேன். வரலைன்னா வெறும் வண்டி.”

பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதை வாங்குவதற்காக எல்லோரும் அன்றைக்குக் கிட்டங்கியில்தான் இருந்தார்கள். லாரியைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உலகம்மாள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. பத்தியத்தைக் காக்க வேண்டியவள் என்று சீட்டில் அவள் பேர்தான் இருந்தது. விக்கலன்று பிச்சக்கண்ணுவை எல்லோருக்கும் முன்னால் பேசவைத்ததும் அவள்தான்.

“நாந்தான் போட்டேன்,” என்றாள். “அரைச் சாக்கு. மண்ணு மூடல.”

பிச்சக்கண்ணுதான் முதலில் எழுந்தார். சுவரில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

“மைனி, சரிவு எந்தப் பக்கம்?”

“தெக்கே.”

“அப்போ தெக்கேயிருந்து கட்டணும்,” என்று அவளைத் தாண்டி நடந்தார். பின்னால் முப்பத்தாறு மண்வெட்டிகள் போயின. ஜெபஸ்டின் வெள்ளைக் கோட்டைக் கழற்றி, நான்காக மடித்து, லாரியின் இருக்கையில் வைத்துவிட்டு ஓடினார்.

வாழைத்தோட்டத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு வரப்பு எழும்பியது. ஒருவர் வெட்டிப் போட, ஒருவர் மிதித்து இறுக்க, வாழைத்தண்டுகளை இழுத்துவந்து உள்பக்கம் அணை கொடுத்தார்கள். மேகம் மதகுக்கு மேலே வந்தபோது இன்னும் பத்து அடி பாக்கி இருந்தது. முதல் துளி விழுந்தபோது இரண்டு அடி. மழை பிடித்துக்கொண்டபோது வரப்பு முட்டிவிட்டது.

நல்ல மழை. தோட்டத்துக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. தெற்கு மூலையில் ஒரு முழ அகலத்துக்கு வரப்பு வாய் பிளந்தது. உலகம்மாள் அந்த யூரியாச் சாக்கில் சேற்றை அள்ளித் திணித்து அந்த வாயில் போட்டு, அதன் மேலேயே ஏறி நின்றுகொண்டாள். அதற்குள் கொஞ்சம் தண்ணீர் தப்பிவிட்டது. கலங்கலாக ஓடி, வெட்டிவேருக்குள் நுழைந்தது. நுழைந்த வேகம் அங்கே இல்லை. புல்லுக்குள் இடம் கேட்டுக் கேட்டு, தூருக்குத் தூர் நின்று, பத்தடியைக் கடக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டது. கடைசியில் கரையோரம் ஒரு விரல் தடிமனுக்குக் கசிந்தது.

லாரி டிரைவர் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். குனிந்து, அந்தக் கசிவை உள்ளங்கையில் ஏந்தி, நாக்கில் விட்டு, கண்ணை மூடினார். முப்பத்தெட்டுப் பேரும் ஜெபஸ்டினும் மழையில் அசையாமல் நின்றார்கள்.

“உப்பு இல்ல,” என்றார்.

“நல்லாப் பாருங்க,” என்றாள் உலகம்மாள்.

“இருபது வருஷமா ஆறு ஏத்துதேன் தாயி. எனக்குத் தெரியாதா? இது புல்லுக்கு உள்ள வரும்போதே எல்லாத்தையும் குடுத்துட்டு வந்திருக்கு.” அவர் குழாயைச் சுருட்டினார், சிவப்பு விளக்கை அணைத்தார். போகும்போது ஜெபஸ்டினின் கோட்டைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு என்று ஒரு பாட்டில் ஆற்றுத் தண்ணீர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

உலகம்மாள் சாக்கின் மேலிருந்து இறங்கி வரப்பில் உட்கார்ந்தாள். பிச்சக்கண்ணு பக்கத்தில் வந்து மண்வெட்டியைக் கழுவப் போனவர், எங்கே கழுவுகிறோம் என்று பார்த்துவிட்டு, புல்லில் துடைத்தார்.

“மைனி, வீட்டுல இன்னும் மிச்சம் இருக்கா?”

“இல்ல. இருந்ததெல்லாம் போட்டுட்டேன்.”

“நல்லதாப் போச்சு.”

முதலில் அவர் சிரித்தார். பிறகு அவளுக்கும் அடக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மழை பெய்துகொண்டிருந்ததால் யாரும் அதைப் பார்க்கவில்லை, அல்லது பார்க்காததுபோல் நின்றார்கள். வெயில் வந்து மூன்று நாளில் தண்ணீர் முழுவதும் மண்ணுக்குள் சுவறிய பிறகுதான் வரப்பை வெட்டிவிட்டார்கள். ஆறே ஆறு வாழை சாய்ந்திருந்தது. மற்றதெல்லாம் நின்றது. நாற்பத்தாறாம் நாள் முதல் வாழை குலை தள்ளியது. இலை பச்சையாகத்தான் இருந்தது.

நாற்பத்தெட்டாம் நாள் ஆற்றோடு ஆஸ்பத்திரிக்குப் போக ஊரே கிளம்பியது. கூட இருப்பவர் ஒருவருக்குத்தான் அனுமதி என்று உலகம்மாள் எல்லோரையும் நிறுத்த வேண்டியதாயிற்று. ஆறு தலையை வாரி, தெளிவாக வந்திருந்தது. டாக்டர் ரஹ்மத் நிஷா வளைவில் மூன்று விரலை வைத்தார். நாக்கை நீட்டச் சொன்னார். நாக்குக்கு அடியில் இருந்த கூழாங்கல்லை எண்ண முடிந்தது.

“மூச்சு?”

“வாங்கல. மதகைத் தாண்டி ஓடிருது. நாந்தான் பின்னால ஓட வேண்டியிருக்கு.”

“உப்பு இனி அளவோட. ஆனா போர்வைய மட்டும் எடுக்கக் கூடாது. குளிரு விட்டுட்டுன்னு எடுத்துட்டா அடுத்த வருஷம் மறுபடியும் இங்கதான் வருவீங்க.” டாக்டர் சீட்டில் கையெழுத்துப் போட்டு, ஆற்றைப் பார்த்து, “நீ போய் வெளிய பெஞ்சுல இரு,” என்றார். ஆறு போயிற்று. உலகம்மாளும் எழுந்தாள்.

“நீங்க உக்காருங்க. கூட இருந்தவங்களையும் பார்த்துத்தான் அனுப்பணும்.”

அவள் கையை நீட்டினாள். டாக்டர் மணிக்கட்டில் விரலை வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து விரலை மாற்றி வைத்தார்.

“நாடியில மீன் ஓடுது.”

“என்ன மீனு?”

“அயிரை.” டாக்டர் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்த்தார். “ரெண்டு. இல்ல, மூணு.”

“இருக்கலாமா டாக்டரம்மா?”

“தண்ணி நல்லா இருந்தாத்தான் அதுவே வரும். இருந்துட்டுப் போகட்டும்.”

சீட்டில் ‘அயிரை மூன்று’ என்று எழுதிக் கொடுத்தார். உலகம்மாள் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பெஞ்சிலிருந்த ஆற்றையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் வாசல் கடையில் ஒரு டீ சொன்னாள். டீ கொதிக்கக் கொதிக்க வந்தது. அவள் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, அதை மூன்று தடவை நன்றாக ஆற்றி, மெல்ல மெல்லக் குடித்தாள்.